தற்கொலை விகிதமும் வட்டாரச் சூழலும்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை முன்வைத்து ஒரு பதில்

தருமபுரியில் சமூகப்பணி முதுகலை பயிலும் மாணவி ஒருவர் கேட்டிருப்பது இது: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வட்டம் வாரியாக மழையளவு, எழுத்தறிவு, வறுமை, நிலத்தடி நீரின் புளோரைடு அளவு ஆகியவற்றை எடுத்துத் தற்கொலை விகிதத்தோடு ஒப்பிட்டால், மக்களைச் சாவை நோக்கித் தள்ளும் காரணி எது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது என்பதே என் நேரடியான பதில். ஆனாலும் அந்த ஒப்பீடு வீண் போகாது. எந்த ஊருக்குப் போய், யாரிடம், எதைக் கேட்க வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுக்கும். ஒரு வட்டாரத்தில் எத்தனை பேர் துயரப்படுகிறார்கள் என்பதைவிட, துயரம் தாங்க முடியாமல் போகும் அந்தச் சில மணி நேரத்தில் அவர்களுக்கு முதலில் எட்டுவது உதவியா, உயிரைப் பறிக்கும் பொருளா என்பதே அங்குள்ள விகிதத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று நான் கருதுகிறேன். அந்தக் கருத்துக்கு எப்படி வந்தேன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

வறுமையிலிருந்து தொடங்குவோம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். ஒரு லட்சம் பேருக்கு 12.4 என்பது தேசிய விகிதம். தமிழ்நாட்டின் எண்ணிக்கை 19,834, விகிதம் 25.9. கேரளத்தில் 28.5, பீகாரில் 0.6. வறுமையும் எழுத்தறிவின்மையும்தான் காரணம் என்றால் இந்த எண்கள் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? படித்த, வருமானம் கூடிய, மருத்துவமனைகள் நிறைந்த தென் மாநிலங்களில் விகிதம் உயர்ந்தும், கங்கைச் சமவெளியில் தாழ்ந்தும் இருப்பது பல ஆண்டுகளாக மாறாத செய்தி. ஆகவே ஏழை வட்டத்தில் விகிதம் கூடும், வசதியான வட்டத்தில் குறையும் என்ற முன்முடிவோடு தருமபுரியின் வரைபடத்தை விரிக்கக் கூடாது.

இந்த வேறுபாட்டில் ஒரு பகுதி பதிவு முறையால் வருவது. அந்த அறிக்கை காவல் நிலையப் பதிவுகளின் தொகுப்பு. காவல் நிலையத்துக்குப் போகாமல் அடக்கம் செய்யப்பட்ட உடல் அதில் வராது. விபத்து என்று எழுதப்பட்டதும் வராது. காரணம் என்ற பத்தியில் இருப்பதை இன்னும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். "தீராத வயிற்று வலியால் மனமுடைந்து" என்ற வரியை நம் ஊர்ச் செய்தித்தாள்களில் பார்க்காதவர் இருக்க முடியாது. துக்கத்தில் நிற்கும் குடும்பம், யாருக்கும் பழி வராத, விசாரணை நீளாத ஒரு காரணத்தைச் சொல்கிறது. எழுதுபவரும் அதையே எழுதிக்கொள்கிறார். திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் இறந்த பெண் என்றால் வருவாய்க் கோட்டாட்சியர் விசாரணை உண்டு என்பதும் குடும்பத்தார் பேசுவதையும் பேசாமல் விடுவதையும் பாதிக்கிறது. 2022 அறிக்கையில் குடும்பப் பிரச்சினை 31.7 விழுக்காடு, நோய் 18.4 விழுக்காடு என்று இருக்கிறது. "குடும்பப் பிரச்சினை" என்ற அந்த ஒரு பெட்டிக்குள் குடி, கடன், வரதட்சணை, அடி, காதல் எதிர்ப்பு, தனிமை எல்லாம் அடைபட்டுக் கிடக்கின்றன.

பதிவுக்கு வெளியே சென்று தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, தன் சமூக நலப்பணி நடைபெறும் கணியம்பாடி ஒன்றியத்தில், இறந்தவர் வீடுதோறும் சென்று உறவினரிடம் கேட்டு இறப்பின் காரணத்தை உறுதி செய்யும் முறையை நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வந்தது. 1990களின் பிற்பகுதி வரையிலான அந்தக் கணக்கில் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 95 என்று வந்தது. அதே காலத்தில் காவல்துறைக் கணக்கின் தேசிய விகிதம் 11ஐ ஒட்டியே இருந்தது. 10 முதல் 19 வயது வரையிலானவர்களைத் தனியே எடுத்த ஆய்வில் பெண் பிள்ளைகளுக்கு 148, ஆண் பிள்ளைகளுக்கு 58 என்ற எண்கள் வந்தன. கணியம்பாடி தொலைதூர ஊர் அன்று. ஊத்தங்கரையிலிருந்து வடகிழக்கே போனால் அதே பேச்சு, அதே கேழ்வரகு, நிலக்கடலை வெள்ளாமை, அதே குடும்ப அமைப்பு. நாடு முழுவதும் இதே முறையில் நடத்தி 2012இல் வெளிவந்த பெரிய ஆய்வும் தென் மாநிலங்களின் விகிதம் உண்மையிலேயே உயர்ந்தது என்று உறுதி செய்தது. பதிவுக் குறைபாடு வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஆனால் வேறுபாடே இல்லை என்று ஆக்கிவிடவில்லை.

அடுத்தது எண்களின் சிறுமை. இரண்டு லட்சம் பேர் வாழும் ஒரு வட்டத்தில் விகிதம் 25 என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 50 இறப்புகள். எந்தக் காரணமும் மாறாமலேயே, தற்செயலாக, அது ஓராண்டு 36 ஆகவும் இன்னோராண்டு 64 ஆகவும் இருக்கலாம். இந்த ஊசலாட்டத்தைப் பார்த்து, பாலக்கோட்டில் கூடிவிட்டது, அரூரில் குறைந்துவிட்டது என்று எழுதுவது தவறு. குறைந்தது ஐந்தாண்டுக் கணக்கைச் சேர்த்து, வயது வாரியாகச் சரிசெய்த பிறகே வட்டங்களை ஒப்பிட வேண்டும். இன்னொரு சிக்கல் இந்த இரு மாவட்டங்களுக்கே உரியது. பென்னாகரம், அஞ்செட்டி, அரூர் பகுதிகளிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் போகிறவர்கள் ஏராளம். அங்கே இறந்தால் கணக்கு அந்த ஊர்க் காவல் நிலையத்தில் ஏறும். ஆனால் அவரை அனுப்பிய கடனும் அவரை எதிர்பார்த்திருந்த வீடும் இங்கேதான் இருக்கும். ஓசூரிலோ நிலைமை நேர்மாறு: இறந்தவர் வேற்று மாவட்டத்துக்காரர், சில வேளை வேற்று மாநிலத்துக்காரர், விகிதம் மட்டும் ஓசூருக்குச் சேரும்.

இனிப் புளோரைடு. மாணவியின் பட்டியலில் இது இருப்பதில் வியப்பில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறை நிலத்து நீரில் புளோரைடு மிகுதி என்பதாலேயே, ஜப்பானிய நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. பல்லில் பழுப்புக் கறை, முட்டியிலும் இடுப்பிலும் விறைப்பு, நாற்பது வயதிலேயே குனிந்து நிமிர முடியாத வலி என்று ஒரு தலைமுறையே அந்த நீரின் சுமையைச் சுமந்தது. புளோரைடு மிகுந்த ஊர்களில் தற்கொலை விகிதமும் கூடியிருப்பதாக ஓர் ஒப்பீடு காட்டினால் என்ன பொருள் கொள்வது? அந்த ஊர்கள்தாம் மழை குறைந்தவை. ஆழ்துளைக் கிணற்றை மேலும் மேலும் ஆழப்படுத்த வேண்டியவை. அதற்காகக் கடன் வாங்கியவை. இளைஞர்கள் வெளியூர் போய்விட்டவை. நீர் மூளையைத் தாக்கியதா, வலி வேலையைப் பறித்ததா, பல்லில் கறை விழுந்த பெண்ணுக்கு வரன் தள்ளிப்போனதா, கிணறு கடனாளியாக்கியதா என்பதை ஊர் சராசரி பிரித்துச் சொல்லாது. ஒரு பகுதியின் சராசரிகளுக்கிடையே காணும் தொடர்பை அங்கு வாழும் தனி மனிதர்கள் மீது ஏற்றக் கூடாது என்று 1950இலேயே ராபின்சன் என்ற சமூகவியலர் எண்களைக் கொண்டு நிறுவினார். வட்டார ஆய்வு செய்பவர் எவரும் முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய எச்சரிக்கை அது.

வெப்பமும் வறட்சியும் பற்றி இதைவிட உறுதியாகப் பேசலாம். ஒரே ஊரை வெவ்வேறு ஆண்டுகளில் அதனோடு அதையே ஒப்பிடுகிற ஆய்வுகள், ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடுகளின் குழப்பத்திலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. இந்திய மாநிலங்களின் நீண்ட காலக் கணக்கை அவ்வாறு ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பயிர் வளரும் பருவத்தில் 20 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறும்போது தற்கொலைகள் கூடுவதையும், பயிரில்லாப் பருவத்தில் அதே வெப்பம் அவ்வாறு செய்யாததையும் கண்டது. வெப்பம் வயலின் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது என்பதற்கு இது வலுவான குறிப்பு. அடுத்த ஆண்டு அமெரிக்கா, மெக்சிகோ பற்றி வந்த ஆய்வோ, மாதச் சராசரி வெப்பம் ஒரு டிகிரி கூடினால் முறையே 0.7, 2.1 விழுக்காடு தற்கொலை கூடுவதாகக் கணக்கிட்டது. அங்கே வேளாண்மை மட்டும் காரணமாக இருக்க முடியாது. உறக்கம், உடல், மனம் ஆகியவற்றின் மீது வெப்பம் நேரடியாகச் செலுத்தும் தாக்கமும் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் இவை எல்லாம் சிறு ஏற்ற இறக்கங்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பீகாருக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள இடைவெளியை எந்த வெப்பமானியும் விளக்காது.

நம் பகுதியில் வறட்சி மனிதரை வந்தடையும் வழி பெரும்பாலும் கடன். மானாவாரியில் கேழ்வரகும் சாமையும் போட்டவருக்கு மழை பொய்த்தால் இழப்பு உண்டு. ஆனால் பெருங்கடன் இல்லை. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி வைப்பவருக்கு நாற்று, சொட்டு நீர், உரம், மருந்து, கூலி என்று எல்லாம் முன்பணம். மண்டியில் விலை சரிந்த வாரத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் காயைச் சாலையோரம் கொட்டிவிட்டு வருவதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். விளைச்சல் நன்றாக இருந்தும் முடங்கும் அந்த நிலையை மழையளவு அட்டவணையில் தேடினால் கிடைக்காது. அத்துடன், விவசாயி தற்கொலை என்று பேசும்போது நம் கவனம் நில உடைமையாளரோடு நின்றுவிடுகிறது. 2022 அறிக்கையில் வேளாண் துறையைச் சேர்ந்த 11,290 பேரில் 6,083 பேர் விவசாயக் கூலித் தொழிலாளர்கள். மொத்தத் தற்கொலைகளில் தினக்கூலிகள் 26.4 விழுக்காடு, இல்லத்தரசிகள் 14.8 விழுக்காடு. நிலம் இல்லாததால் நிவாரணப் பட்டியலில் பெயரில்லாதவர்களும், வேலை என்றே கணக்கில் வராத வேலையைச் செய்பவர்களும் இவர்கள்.

கடனைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த மண்ணுக்கு அதில் ஒரு தனி வரலாறு உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையோடு தொடங்கப்பட்டது அன்றைய ஒருங்கிணைந்த தருமபுரி மாவட்டத்தில்தான். மாதம் ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் அந்தக் கூட்டம், வீட்டை விட்டு வெளியே பேச இடமில்லாத பெண்களுக்குப் பேச ஒரு திண்ணையானது. பின்னாளில் அதே தெருவுக்குள் தனியார் நுண்கடன் வந்தபோது, குழு என்ற பெயர் அப்படியே இருந்தது. உள்ளே இருந்தது மாறிவிட்டது. வாரத் தவணையை ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது என்று உட்கார வைத்துவிட்டால், அவளுக்குத் துணை நின்ற அதே பக்கத்து வீட்டுக்காரிகள் அவளை அவமானப்படுத்தும் கூட்டமாகிவிடுகிறார்கள். குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி வரம்பு விதித்தது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. ஓர் ஆய்வாளர் "கடன் உண்டா, இல்லையா" என்று கேட்டால் இதில் எதுவும் வெளிவராது. யாரிடம் கடன், எந்தக் கிழமை வசூல், யார் முன்னிலையில் கேட்டார்கள் என்று கேட்டால் வெளிவரும்.

தற்கொலையைச் சமூகத்தோடு இணைத்து 1897இல் விரிவாக எழுதிய பிரெஞ்சு அறிஞர் துர்கைம், மனிதரைச் சமூகம் தன்னோடு கட்டிவைத்திருக்கும் பிணைப்பு தளர்ந்தால் தற்கொலை கூடும் என்றார். ஓசூர்ச் சிப்காட்டைச் சுற்றி அறைக்கு நாலைந்து பேராகத் தங்கி, ஷிப்ட் மாறி மாறி உறங்கி, ஊர்த் திருவிழாவுக்குக்கூட விடுப்புக் கிடைக்காத இளைஞர்களுக்கு அந்தச் சொல் பொருந்தும். ஆனால் பிணைப்பு இறுகினாலும் உயிர் போகும் என்பதை நம் ஊர்ப் பெண்களின் வாழ்க்கை காட்டுகிறது. பெரும்பாலான நாடுகளில் ஆண்களின் விகிதம் பெண்களைப் போல இரண்டு, மூன்று மடங்கு. இந்தியாவில் இடைவெளி குறைவு. 2016இல் உலகில் தற்கொலையால் இறந்த பெண்களில் 36.6 விழுக்காட்டினர் இந்தியப் பெண்கள் என்று ஓர் உலகளாவிய கணக்கீடு கூறியது. 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே அதுதான் கடைசி. இந்த எண்ணை வரைபடத்தில் குறித்தால் மட்டும் போதாது. பெற்றோர் இருவரும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட, பாட்டியோடு இருக்கும் பதினைந்து வயதுப் பெண்ணைப் பாதுகாப்பு என்ற பெயரில் அவசரமாகக் கட்டிக்கொடுப்பது அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் மலைக் கிராமங்களில் இன்றும் நடக்கிறது. இடம்பெயர்வு, பள்ளியின் தூரம், குழந்தைத் திருமணம், கணவன் வீட்டுத் தனிமை ஆகியவை நான்கு தனித்தனிக் காரணிகளாக அட்டவணையில் நிற்கும். அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் அவை ஒன்றன் பின் ஒன்றாக வந்த ஒரே வரிசை. சாதி மாறிக் காதலித்தவர்களுக்கோ உறவும் ஊரும் சேர்ந்த அந்த நெருக்கமே மூச்சை அடைக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும், வட்டார விகிதங்களை அதிகம் மாற்றிக் காட்டிய காரணி எது என்று கேட்டால், இலங்கையைத்தான் சுட்டுவேன். 1990களின் நடுவில் உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று அங்கே இருந்தது. அரசு மிகக் கடும் நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளின் விற்பனையைப் படிப்படியாகத் தடை செய்தது; அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் 70 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. அதே காலத்தில் அங்கே போர் நடந்தது, சுனாமி வந்தது, வேலையின்மை, குடி ஆகியவற்றின் போக்கோடு இந்தச் சரிவு பொருந்திப்போகவில்லை, விளைச்சலும் வீழ்ந்துவிடவில்லை. உயிரை விடத் துடிக்கும் உச்சம் பெரும்பாலானோருக்குச் சில மணி நேரமே நீடிக்கிறது. அதைக் கடந்து பிழைத்தவர்களில் மிகப் பலர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. அந்த நேரத்தில் வீட்டு மூலையில் கொடிய நஞ்சு இல்லாதிருந்தாலே அந்த உயிர் நிற்கும். கடலூர் மாவட்டத்தில், சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவினர் கிராமத்துக்குப் பொதுவான பூட்டும் கிடங்கு ஒன்றை வைத்து விவசாயிகளின் பூச்சிமருந்துகளை அங்கே பாதுகாக்கச் செய்து பார்த்த முயற்சியும், தமிழ்நாடு அரசு 2022, 2023இல் சில நச்சுப் பொருள்களுக்கு விதித்த நிரந்தர, தற்காலிகத் தடைகளும் இதே எண்ணத்தில் பிறந்தவை. தக்காளியும் மலரும் மாவும் விளையும், ஆண்டு முழுக்க மருந்தடிக்கும் ஒரு வட்டாரத்தில் இந்தக் காரணியை விட்டுவிட்டு எழுத்தறிவையும் மழையையும் மட்டும் ஒப்பிட்டால், மிக முக்கியமான ஒன்றை அளக்காமலே விட்டதாகும்.

அதோடு சேர்த்து அளக்க வேண்டியது தூரம். மலைக் கிராமம் ஒன்றிலிருந்து தீவிர சிகிச்சை தரக்கூடிய மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம்? 2008இல் தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது; கிருஷ்ணகிரிக்கு அண்மையில்தான் வந்தது. காப்பாற்றப்பட்டவர் தற்கொலைக் கணக்கில் வருவதில்லை என்பதால், சாலையும் 108 ஊர்தியும் மருத்துவரும் உள்ள வட்டத்தின் விகிதம் குறைவாகத் தெரியும். அங்கே துயரம் குறைவு என்று அதற்குப் பொருளல்ல.

ஆகவே ஆய்வை இப்படி அமைக்கப் பரிந்துரைக்கிறேன். ஓசூரையும் அஞ்செட்டியையும் ஒரே மாவட்டச் சராசரிக்குள் கலக்காமல், ஓசூர் போன்ற ஆலை நகரம், பாலக்கோடு போன்ற பணப்பயிர் வட்டம், அஞ்செட்டி போன்ற மலைப்பகுதி ஆகியவற்றிலிருந்து சில ஊராட்சிகளைத் தேர்ந்தெடுங்கள். காவல் நிலையப் பதிவோடு ஊராட்சியின் இறப்புப் பதிவையும் கிராம சுகாதாரச் செவிலியரின் குறிப்பையும் ஒத்துப் பாருங்கள். வட்டத்துக்கு எத்தனை பூச்சிமருந்துக் கடைகள், எந்த வகை விற்பனை, மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் என்பதைக் காரணிகளின் பட்டியலில் முதலில் வையுங்கள். அதன் பின்னர், உங்கள் கல்லூரியின் அறநெறிக் குழு ஒப்புதலோடு, இறப்பு நேர்ந்து சில மாதங்கள் கழித்து, குடும்பத்தார் விரும்பினால் மட்டும் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். தற்கொலை முயற்சியைத் தண்டிக்கக் கூடாது என்ற நிலை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தாலும், 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டம் அக்குற்றப் பிரிவை விட்டுவிட்டதாலும் உருவாகியிருக்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். வழக்கு வருமோ என்ற அச்சம் நீங்கினால்தான் வயிற்று வலிக்குப் பின்னால் இருப்பது பேச்சில் வரும். யார் சாவையும் எந்த முறையில் நேர்ந்தது என்று விவரித்து எழுத வேண்டாம்.

அந்த வீடுகளில் இன்னொருவரும் அதே எண்ணத்தோடு இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. அப்படி ஒரு குறிப்புத் தென்பட்டால் கேள்வித்தாளை மூடிவிட்டு, "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, பேச வாய்ப்புத்தான் கிடைக்கிறது. அவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள பூச்சிமருந்து உள்ளிட்ட மருந்துகளை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டு, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அன்றே கொண்டு சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீட்டு வாசலுக்கு வரும் அத்திட்டப் பணியாளரிடமும் சொல்லலாம். தமிழ்நாடு அரசின் 104, மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 ஆகிய இலவச எண்களிலும், ஸ்நேகாவின் 044 24640050 என்ற எண்ணிலும் தமிழில் பேசலாம். பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்ணின் திருமணம் பற்றித் தெரியவந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். களத்துக்குப் போகும் உங்கள் குழுவினர் ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் இந்த எண்கள் முதல் நாளே பதிந்திருக்கட்டும்; இதைப் படிக்கும்போதே உங்களில் யாருக்கேனும் நெஞ்சு கனத்தால், உங்களுக்காகவும் அந்த எண்களை அழையுங்கள்.